புகை அடுப்பு: வீட்டில் செய்வதா? சொல்லிச் செய்து வாங்குவதா?

இரவு மணி 2.

ஊர் உறங்குகிறது. ஒரு வீட்டின் பின்புறத்தில் மட்டும் ஒருவர் விழித்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு பெரிய இரும்பு உருளை படுத்துக் கிடக்கிறது. அதன் ஒரு கோடியில் நெருப்பு. மறு கோடியில் புகைபோக்கி. அவர் எழுகிறார். ஒரு விறகுக் கட்டையை நெருப்பில் வைக்கிறார். கதவைப் பாதி சாத்துகிறார். மறுபடியும் நாற்காலியில் உட்காருகிறார்.

காவல்காரரா? இல்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி போடுகிறவரா? அதுவும் இல்லை.

அவர் சமைக்கிறார்!

விருந்து நாளை மத்தியானம்தான். ஆனால் கறி இரவு 8 மணிக்கே அடுப்பில் ஏறி விட்டது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் இது அதிசயம் அல்ல. அந்த ஊர்க்காரர்கள் இதை ‘பார்பக்யூ’ என்கிறார்கள். கறியை நெருப்பின் மேல் நேராக வாட்டுவது வேறு. இது வேறு. நெருப்பு ஒரு பக்கம். கறி ஒரு பக்கம். நடுவே போவது சூடான புகை மட்டும்தான். அந்தப் புகையிலேயே கறி மெல்ல மெல்ல வெந்து, விரலால் தொட்டால் பிய்ந்து வரும் பதத்துக்கு வந்து விடும்.

இதற்கு வேண்டியது ஒரு புகை அடுப்பு. அந்த அடுப்பைப் பற்றித்தான் பல வீடுகளில் வழக்கு நடக்கிறது.

“கடையில் ஏன் வாங்க வேண்டும்? நானே செய்து விடுகிறேன்” என்பார் கணவர்.

“போன வருஷம் வாங்கிப் போட்ட பீப்பாய் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது” என்பார் மனைவி.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு.

ஏன் இத்தனை மணி நேரம்?

டெக்ஸாஸ்காரர்கள் உயிரை விடுவது மாட்டின் மார்புக் கறிக்கு. ‘பிரிஸ்கெட்’ என்று அதற்குப் பெயர். மாடு நிற்கும்போதும் நடக்கும்போதும் அதன் முன்பாரத்தைத் தாங்குகிற சதை அது. உழைத்த சதை முரடாக இருக்கும். சாதாரணமாகச் சமைத்தால் தோல் செருப்பைக் கடித்த மாதிரிதான்.

அந்த முரட்டுத்தனத்துக்குக் காரணம், சதையைக் கட்டி வைத்திருக்கும் ‘கொல்லாஜன்’ என்ற நார்ப் பொருள். மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்தால் அது இளகிப் பசை போலாகி விடும். அவசரப்பட்டால் ஆகாது. அடுப்புக்குள் சூடு பாரன்ஹீட்டில் 225 டிகிரியிலிருந்து 275 டிகிரி வரை (ஏறக்குறைய 107 முதல் 135 சென்டிகிரேடு) இருக்க வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் 12 மணி நேரம் ஆகும். சில நாள் 16 மணி நேரமும் ஆகும்.

நடுவில் ஒரு சோதனை வேறு வரும். கறியின் உள்சூடு 150, 160 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியதும் அப்படியே நின்று விடும். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி ஆனாலும் வெப்பமானியின் முள் அசையாது. அடுப்பு கெட்டு விட்டதோ என்று புதியவர்கள் பதறுவார்கள். நெருப்பைக் கூட்டிக் கறியைக் கெடுப்பார்கள். உண்மையில் நடப்பது என்ன? கறியின் மேலே ஈரம் ஆவியாகிறது. உடம்பில் வேர்வை காயும்போது குளிர்கிறது அல்லவா? அதே கதைதான். ஈரம் குறைந்ததும் சூடு தானாக ஏறும். 200 டிகிரி வாக்கில் கறி பதமாகி விடும்.

ஆகவே இந்த அடுப்புக்கு வேண்டிய குணம் இரண்டே. சூடு ராத்திரி முழுவதும் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். புகை தேங்காமல் ஓட வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

புகை ஓடா விட்டால் என்ன ஆகும்? விறகு மூச்சுத் திணறும். வெள்ளை வெளேரென்று கனத்த புகை வரும். கறியின் மேல் தார் போல் கசப்பு ஏறி விடும். நன்றாக எரிகிற சிறு நெருப்பிலிருந்து வருவதோ மெல்லிய நீலப் புகை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அதுதான் நல்ல புகை.

விறகு மத்திய டெக்ஸாஸில் பெரும்பாலும் ஓக் மரம். மேற்கே போனால் ‘மெஸ்கீட்’ என்ற முள் மரம். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு அது நெருங்கிய சொந்தம். நெருப்பும் அதே மாதிரி உக்கிரமாக இருக்கும்.

மிதவையை வெட்டியவர்

வீட்டில் செய்த அடுப்பு என்றால் இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. இன்று உலகமெங்கும் விற்கிற ஓர் அடுப்பே அப்படிப் பிறந்ததுதான்.

சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்று ஒருவர் இருந்தார். 12 குழந்தைகளுக்குத் தகப்பனார். வெபர் சகோதரர்கள் என்ற இரும்புப் பட்டறையில் வேலை. அங்கே ஏரியில் கப்பல்களுக்கு வழி காட்டும் மிதவைகள் செய்வார்கள். இரும்பு உருண்டைகள்.

அவர் வீட்டுத் தோட்டத்தில் இருந்த அடுப்பு திறந்த அடுப்பு. காற்று அடித்தால் சாம்பல் பறக்கும். மழை வந்தால் விருந்து நனையும். 1952-ல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மிதவையைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். கீழ்ப் பாதி சட்டி. மேல் பாதி மூடி. மூன்று கால் வைத்தார். முடிந்தது அடுப்பு!

ஆனால் மூடியைப் போட்டதும் நெருப்பு அணைந்து விட்டது. காற்று போக வழி இல்லையே! பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அதில் ஓட்டை போடப்பா” என்று சொன்னாராம். துளை போட்டார். நெருப்பு நின்றது. பிறகு அதையே தொழிலாகச் செய்தார். ‘வெபர்’ அடுப்பு என்று இன்று உலகம் முழுவதும் விற்கிறது.

அழகில்லாத பீப்பாய்

ஏழையும் செய்யக் கூடிய புகை அடுப்பு பீப்பாய் அடுப்புதான். எண்ணெய் அடைத்து வருகிற 55 காலன் இரும்புப் பீப்பாய். நம் கணக்கில் 200 லிட்டருக்குச் சற்று மேல். இதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயரே ‘அக்லி டிரம் ஸ்மோக்கர்’. அழகில்லாத பீப்பாய் அடுப்பு என்று பொருள்!

பீப்பாயை நிற்க வைக்கிறார்கள். அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் சுற்றிலும் மூன்று அல்லது நான்கு துளைகள். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம். ஒரு துளையில் குழாய்த் திறப்பு பொருத்துவார்கள். மற்றவற்றுக்குத் திருகு மூடி போதும். அடியில் கம்பி வலைக் கூடை. அதில் கரி. கரிக்கு இரண்டடி உயரத்தில் கம்பித் தட்டு. தட்டில் கறி. மேலே மூடி. மூடியில் புகை போகத் துளை. அவ்வளவுதான்.

இதற்கு வெல்டிங் வேண்டாம். துளை போடும் கருவியும், திருப்புளியும், ஒரு சனிக்கிழமையும் போதும். பீப்பாய், கம்பித் தட்டு, குழாய்ச் சாமான், வெப்பமானி எல்லாம் சேர்த்து 150 டாலர் வாக்கில் முடித்து விடுகிறவர்கள் உண்டு. கூடை நிறையக் கரி போட்டு, மேலே நாலைந்து விறகுத் துண்டுகளைச் செருகி வைத்தால் 10 மணி நேரத்துக்கு மேல் எரியும். வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்.

முதலாவது: பீப்பாயில் முன்பு என்ன இருந்தது? பூச்சி மருந்தோ, ரசாயனமோ இருந்த பீப்பாய் இனாமாக வந்தாலும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். உணவுப் பொருள் வந்த பீப்பாய்தான் வேண்டும். அதற்கும் உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு இருக்கலாம். இருந்தால், உள்ளே பெருநெருப்பு மூட்டி அது முழுவதும் எரிந்து போன பிறகு தேய்த்து எடுக்க வேண்டும். பூச்சே இல்லாத பீப்பாய் என்று கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

இரண்டாவது: துத்தநாகம் பூசிய இரும்பு. துரு பிடிக்காது என்று ஆசைப்பட்டு அதை நெருப்புப் பக்கம் வைக்கக் கூடாது. அதில் வெல்டிங் வைத்தால் வருகிற புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டு விடும். தொழிலாளர்கள் இதை ‘உலோகப் புகைக் காய்ச்சல்’ என்கிறார்கள்.

குண்டு போன்ற தொட்டி

ஆனால் பீப்பாயோடு திருப்தி அடைகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். படுத்துக் கிடக்கும் பெரிய உருளை, பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி, உயர்ந்த புகைபோக்கி. அதுதான் டெக்ஸாஸ்காரரின் கனவு.

டெக்ஸாஸ் எண்ணெய்க் கிணறுகளின் நாடு. கனத்த குழாய்த் துண்டுகளுக்கும், வெல்டிங் தெரிந்தவர்களுக்கும் அங்கே பஞ்சம் இல்லை. கிராமத்து வீடுகளில் சமையலுக்கும் குளிர் காயவும் ‘புரொப்பேன்’ வாயு சேமித்து வைக்கும் பெரிய தொட்டிகளும் உண்டு. 250 காலன், 500 காலன், 1,000 காலன் என்று பல அளவு. பழையதானதும் மலிவாக விலைக்கு வரும். கனத்த இரும்பு. உருண்டை வடிவம். அடுப்புக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

‘காலித் தொட்டி’ என்று விற்பவர் சொல்வார். தட்டினால் காலி மாதிரிதான் சத்தம் வரும். ஆனால் வாயு முழுவதும் போயிருக்காது. புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு கனமானது. தொட்டியின் அடியில் தங்கி விடும். காற்றில் 100-க்கு 2 பங்கு கலந்தாலே போதும். வெட்டும் சக்கரத்திலிருந்து ஒரு பொறி விழுந்தால் தொட்டி வெடிகுண்டாகி விடும். தொட்டி நிறைய வாயு இருப்பதை விட, மிச்ச வாயுவும் காற்றும் கலந்து நிற்கும் ‘காலித் தொட்டி’தான் வெட்டுகிறவருக்குப் பெரிய எமன்.

ஆகவே முதல் வேலை வெட்டுவது அல்ல. வாயுத் தொழில் தெரிந்தவர்களைக் கொண்டு, திறந்த வெளியில், மிச்ச வாயுவை வெளியேற்றி, திறப்பைக் கழற்றி எடுக்கச் செய்ய வேண்டும். பிறகு தொட்டியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்ப வேண்டும். தண்ணீர் ஏறினால்தான் வாயு முழுவதும் வெளியேறும். சோப்புத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். வாயு கசிந்தால் தெரியட்டும் என்று அதில் ஒரு நாற்றப் பொருளைக் கலந்திருப்பார்கள். அது இரும்பிலேயே ஊறிக் கிடக்கும். பக்கத்து வீட்டார் மூக்கைப் பிடித்துக் கொண்டு வந்து கேட்கும் அளவுக்கு நாறும்.

இதெல்லாம் செய்த பிறகும், முதல் வெட்டைப் பழகிய தொழிலாளியிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம். சுத்தம் செய்து பாதியாக வெட்டிய தொட்டிகளையே விற்பவர்களும் உண்டு. அதிகப் பணம் ஆகும். ஆனால் அந்தப் பணத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. மற்றதெல்லாம் மிச்சம் பிடிக்கிற விஷயம். இது உயிர் விஷயம்.

இரும்பு தின்னும் பணம்

தொட்டி வந்து விட்டது. அடுத்து நெருப்புப் பெட்டி. இதற்குப் புதுத் தகடு வேண்டும். கால் அங்குலக் கனம்.

கனத்தின் மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம்? கடைகளில் 100, 200 டாலருக்கு விற்கும் மலிவு அடுப்பின் தகடு மெல்லியது. வெளியே ஒரு காற்று அடித்தால் உள்ளே சூடு சரிகிறது. ஒரு கட்டை அதிகம் வைத்தால் எகிறுகிறது. கனத்த இரும்போ சூட்டை வாங்கிச் சேர்த்து வைத்துக் கொள்ளும். கதவைத் திறந்து மூடினாலும் கலங்காது. மண் சட்டிக்கும் மெல்லிய அலுமினியச் சட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கால் அங்குலத் தகடு ஒரு சதுர அடியே 10 ராத்தல் எடை. 8 அடிக்கு 4 அடி முழுத் தகடு 320 ராத்தலுக்கு மேல். அதாவது 148 கிலோ. அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். வெட்ட இயந்திரம் வேண்டும்.

பெட்டியின் கொள்ளளவு, கறி வைக்கும் உருளையில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. பெட்டி சிறுத்தால் நெருப்பு திணறும். புகைபோக்கி குறுகினால் புகை தேங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசலைக் குறுக்கி விட்டால், வேறு எது சரியாக இருந்தும் பயன் இல்லை. இதையெல்லாம் வெல்டிங் முடிந்த பிறகு கண்டுபிடிப்பதுதான் வீட்டுக்காரரின் வழக்கம்!

டெக்ஸாஸ் வீட்டுக்காரர் ஒருவர் இந்த வேலையில் இறங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். தொட்டிக்கு 200 டாலர் கொடுக்கிறார். ‘மலிவாக முடிந்து விடும்’ என்று மனைவியிடம் சொல்கிறார். பிறகு தகடு. வெல்டிங் கம்பி. வெட்டும் சக்கரங்கள். கீல்கள். கம்பித் தட்டுகள். வெப்பமானி. சூடு தாங்கும் பெயின்ட் (வெளியே மட்டும்தான் அடிக்க வேண்டும், உள்ளே கூடாது). வெல்டிங் இயந்திரம் வாடகைக்கு. முகமூடி சொந்தமாக. சக்கரம் வைத்து வண்டியாக்க ஆசைப்பட்டால் அச்சு, டயர், விளக்கு. கூட்டிப் பார்க்கும்போது 1,000 டாலரைத் தாண்டியிருப்பது சாதாரணம். வார விடுமுறைகள் எத்தனை போயின என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

வெல்டிங் ஏற்கெனவே தெரிந்தவர், கருவிகள் உள்ளவர் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்கு இது நிச்சயம் லாபம். அடுப்பு செய்வதற்காக வெல்டிங் பழகுகிறவர், முதல் அடுப்பைப் பாடமாக நினைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

பட்டறைக்குப் போகவே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தெற்குக் கரோலினாவில் முழுப் பன்றியைச் சுடுவதற்குச் சிமென்ட் கல்லை அடுக்கியே பெரிய அடுப்பு கட்டி விடுகிறார்கள். பக்கத்தில் ஓர் இரும்புப் பீப்பாயில் விறகை எரிக்கிறார்கள். தணல் கீழே விழ விழ, அதை மண்வெட்டியால் அள்ளிக் கறியின் அடியில் தூவுகிறார்கள். வேண்டியது கல்லும் கம்பித் தட்டும்தான். ஹெமிங்வே என்ற சிற்றூரில் ராட்னி ஸ்காட் குடும்பத்தார் இப்படித்தான் தொழில் செய்து பேர் எடுத்தார்கள். 2013 நவம்பரில் அவர்களுடைய அடுப்புக் கொட்டகையில் தீப் பிடித்தது. அவர் சோர்ந்து விடவில்லை. 2014-ல் ஊர் ஊராகப் போய்ச் சமைத்துப் பணம் திரட்டி மறுபடியும் எழுந்தார். 2018-ல் அமெரிக்கச் சமையல்காரர்கள் பெரிதாக மதிக்கும் ஜேம்ஸ் பியர்ட் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சொல்லிச் செய்து வாங்கினால்...

இனி மறுபக்கம்.

புகை அடுப்பு செய்வதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் டெக்ஸாஸில் ஏராளம். வீட்டு அளவு அடுப்புக்கே சில ஆயிரம் டாலர் ஆகும். 500 காலன் உருளை, வண்டியோடு வேண்டும் என்றால் 10,000 டாலரையும் தாண்டலாம். பேர் பெற்ற பட்டறையாக இருந்தால் பணம் கட்டி விட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பணம் எதற்கு? கதவில் வெட்டிய மாட்டுத் தலைப் படத்துக்கா? பலர் அதற்குத்தான் கொடுக்கிறார்கள்! உண்மையில் பணம் போக வேண்டிய இடங்கள் வேறு. தகட்டின் கனம். இடைவெளி இல்லாமல் சாத்திக் கொள்ளும் கதவு. புகை ஓட்டம். நூறு அடுப்பு செய்து, நூறு தடவை திருத்தி, வாசல் இவ்வளவு, குழாய் இவ்வளவு என்று கண்டுபிடித்தவரின் அனுபவத்துக்குத்தான் விலை.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர், “தகடு எத்தனை அங்குலம்?” என்று முதலில் கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பி வந்து விடலாம். தொட்டியா, புதுக் குழாயா, தொட்டியானால் யார் சுத்தம் செய்தது என்றும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் விட நல்லது, அவர் முன்பு செய்து கொடுத்த அடுப்பு ஒன்று எரிவதை நேரில் பார்ப்பது. கதவு இடுக்கில் புகை கசிகிறதா? கம்பித் தட்டின் இரண்டு கோடியிலும் சூடு எவ்வளவு? கதவில் பொருத்திய வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது. கறி இருக்கும் இடத்தின் சூடு அதிலிருந்து பல டிகிரி வித்தியாசப்படும்.

முன்பணம் கொடுத்தால் ரசீதும் நாளும் எழுதி வாங்க வேண்டும். இது டெக்ஸாஸானாலும் ஒன்றுதான், வேறு எந்த ஊரானாலும் ஒன்றுதான்.

ராத்திரி விழிக்க முடியாதவர்களுக்காக மூன்றாவது ரகம் ஒன்றும் உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை மின்சாரத் திருகு நெருப்பில் தள்ளிக் கொண்டே இருக்கும். ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் என்பவர் 1986-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பொத்தானைத் திருப்பி விட்டுத் தூங்கப் போகலாம். ‘இதுவும் ஒரு சமையலா?’ என்று பழைய ஆட்கள் சிரிக்கிறார்கள். வேலைக்குப் போகிற குடும்பங்கள் வாங்கிக் கொண்டுதான் இருக்கின்றன.

நூறு டாலர் அடுப்பில் தொடங்கியவர்

ஆஸ்டின் நகரில் ஆரன் பிராங்க்ளின் என்ற பெயரைச் சொன்னால் தெரியாதவர் இல்லை. அவர் முதலில் வைத்திருந்தது ஏறக்குறைய 100 டாலர் விலையுள்ள மலிவு அடுப்பு. அதில் சமைத்து நண்பர்களுக்குப் பரிமாறினார். கெடுத்தும் பார்த்தார். சூடு எங்கே ஓடுகிறது, புகை எங்கே தேங்குகிறது என்பதைக் கற்றுக் கொண்டார்.

2009-ல் அவரும் மனைவி ஸ்டேசியும் ஒரு வண்டிக் கடை போட்டார்கள். 2011-ல் அது கட்டடத்துக்கு மாறியது. வாசலில் விடியற்காலையிலிருந்தே வரிசை நின்றது. கூட்டம் பெருகப் பெருக அடுப்பும் பெருக வேண்டியிருந்தது. 1,000 காலன் வாயுத் தொட்டிகளைக் கொண்டு அவரே வெல்டிங் வைத்து அடுப்புகள் செய்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 அடி நீளம்! 2015-ல் ஜேம்ஸ் பியர்ட் பரிசு பெற்றார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அடுப்பு செய்யும் முறையையும் எழுதியிருக்கிறார். பின்னர் வீட்டுக்கு ஏற்ற அடுப்புகளைச் செய்து விற்கும் தொழிலும் தொடங்கினார். வீட்டில் செய்தவர், விற்பவர் ஆகி விட்டார்.

அப்படிப்பட்ட கைக்காரரையும் நெருப்பு விட்டு வைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்ஸாஸைத் தாக்கியது. ஆஸ்டினில் பலத்த காற்று. விடியுமுன் அடுப்பிலிருந்து தணல் பறந்து சமையல் கொட்டகை எரிந்தது. கடையை மறுபடியும் திறக்க நவம்பர் ஆகி விட்டது.

அடுப்பு வீட்டில் செய்ததா, விலைக்கு வாங்கியதா என்று தணல் கேட்பதில்லை. வீட்டுச் சுவரிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் 10 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். மழை என்று கார்க் கொட்டகைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அது மகா பாதகம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்து விடுவார்.

எதைச் செய்வது?

இதில் வீட்டுக்காரருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முதல் வருஷம் பீப்பாய் போதும். அதில் ஒரு டஜன் தடவை சமைத்துப் பார்க்கட்டும். குடும்பத்துக்கு இந்தக் கறி பிடிக்கிறதா, தனக்கே ராத்திரி விழிக்கும் ஆசை நிலைக்கிறதா என்பது தெரிந்து விடும். பாதிப் பேருக்கு அதற்குள் ஆசை அடங்கி விடும். நஷ்டம் 150 டாலரோடு போச்சு.

ஆசை நிலைத்தால் மேலே போகலாம். வெல்டிங் தெரிந்தவர் தாமே செய்யலாம். தெரியாதவர் பணம் சேர்த்து, பீப்பாயில் கற்றதை வைத்துச் சரியான கேள்வி கேட்டு வாங்கலாம். ஒன்றும் தெரியாமல் முதலிலேயே 5,000 டாலர் அடுப்பு வாங்கியவர்களின் கதை பரிதாபம். அது தோட்டத்தில் துரு பிடித்து நிற்கும். பறவைகள் புகைபோக்கியில் கூடு கட்டும்.

புது அடுப்பில் உடனே கறி வைக்கக் கூடாது. உள்ளே எங்கும் சமையல் எண்ணெய் தடவி, சில மணி நேரம் வெறும் நெருப்பு எரிக்க வேண்டும். நம் வீடுகளில் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். இரும்பு கறுத்துப் பளபளப்பாகி விட்டால் துருவுக்கும் இடம் இல்லை.

பிறகும் பிரிஸ்கெட்டுக்கு அவசரம் வேண்டாம். அதன் விலை அதிகம். 14 மணி நேரம் விழித்துக் கடைசியில் செருப்பாகி விட்டால் வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாது.

முதல் நாளைக்கு ஒரு கோழி போதும். மூன்று நான்கு மணி நேரத்தில் வெந்து விடும். பிள்ளைகளும் தூங்கப் போகுமுன் சாப்பிட்டு விடலாம்.